தண்டவாளம் ஒலித்தால் யார் ஓடுவது?

நிரந்தரமாக எத்தனை பேரை வைப்பது, எதைக் குத்தகைக்கு விடுவது, நாட்கூலிக்கு யாரைக் கூப்பிடுவது என்று இப்போது நீங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுகிறீர்கள். போன மாதம் என்னையும் வரவழைத்து, ஒரு நல்ல கதிரையில் உட்கார வைத்து, இதெல்லாம் புதுச் சங்கதி போல விளக்கிச் சொன்னீர்கள். கிழவன் தூங்கிவிடுவானோ என்று இடையிடையே என்னைப் பார்த்தும் கொண்டீர்கள். நான் தூங்கவில்லை. தேத்தண்ணி நன்றாக இருந்தது.

ஆனால் தம்பிமாரே, தங்கைமாரே, உங்களில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்பே கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் ஒரு கொக்கோ ஸ்டோரில் இந்த மூன்று பிரிவையும் போட்டுப் பார்த்தவர்கள் நாங்கள். அது கவிழப் பார்த்தது. அதை நிமிர்த்தி வைத்த கைகளில் என்னுடையதும் ஒன்று. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

அந்தக் காலத்தில் கண்டியிலிருந்து திகன போகும் பாதையின் இரு பக்கமும் கொக்கோத் தோட்டங்கள். நான் அம்பிட்டியவிலிருந்து வந்து அந்த ஸ்டோரில் கிளாக்கராக இருந்தேன். உங்களில் பலர் இன்று சாக்கில் கட்டிய கொக்கோவை மட்டுமே பார்த்திருப்பீர்கள் என்பதால் வேலையை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். காயை உடைத்து எடுத்த விதையை மரப்பெட்டியில் புளிக்க வைப்போம். பிறகு கழுவி, சீமெந்துக் களத்தில் பாய் விரித்து வெயிலில் உலர்த்துவோம். உலர்ந்ததைப் பெண்கள் உட்கார்ந்து நல்லது கெட்டது பிரிப்பார்கள். சாக்கில் கட்டி மாட்டு வண்டியில் ஏற்றிக் கண்டி ஸ்டேஷனுக்கு அனுப்புவோம். மிச்ச வேலை எல்லாம் வானத்தைப் பார்ப்பதுதான்.

கொக்கோ நிறையக் காய்ப்பது ஐப்பசி, கார்த்திகையில். அங்கே மழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். ஆண்டவர் ஏன் இப்படி வைத்தார் என்று எங்கள் பங்குச் சாமியாரிடம் ஒருமுறை கேட்டேன். தான் கொக்கோ குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஸ்டோரில் நெருப்பு மூட்டி உலர்த்தும் சூட்டறை ஒன்று இருந்தது. அது ஒரு நாள் சரக்கில் கால்வாசிக்குக்கூடப் போதாது. பாயில் கிடக்கும் விதை ஒருமுறை நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், கொழும்பில் வாங்குகிறவர் மூக்கைச் சுளிப்பார்.

அதனால் அந்த ஸ்டோரில் ஒரு வழக்கம் இருந்தது. களத்து ஓரம் பலாமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். மேகம் இறங்குவது யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் போய் அதை அடிப்பார். சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓட வேண்டும். பெட்டியடியில் நிற்கிறவர், விதை பிரிக்கும் பெண்கள், வண்டிக்காரர், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நான், எல்லோரும்தான். ஆளுக்கொரு முனையாகப் பாயைப் பிடித்து உள்ளே இழுப்போம், இழுக்க முடியாததைப் படங்குத் துணி போட்டு மூடுவோம். மழை விழுந்த பிறகு ஓர் அண்டாவில் இஞ்சித் தேத்தண்ணி கொதிக்கும். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாக நின்று குடிப்போம். ஓடியவர்களுக்குத்தான் தேத்தண்ணி. ஓடாதவன் கேட்கவும் மாட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் விலை விழுந்தது. உலகம் முழுக்கவே விழுந்ததாகச் சொன்னார்கள், எங்களுக்குத் தெரிந்த உலகம் பல்லேகல. கொழும்பில் இருந்த முதலாளி ஒரு புதிய மனேஜரை அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர், எப்போதும் வெள்ளைக் காற்சட்டை, பளபளக்கும் சப்பாத்து. வந்த முதல் வாரமே ஸ்டோரை மூலை மூலையாகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கிளாக்கர், ஆறு பேரை மட்டும் சம்பளத்திலை வைச்சிருக்கலாம். ஆர் ஆர் எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

"ஆறு பேரா? முப்பது பேருக்கு மேல இருக்கோம் சேர்."

"ஓம். அதாலதான் உங்களைக் கேக்கிறன்."

நான் அவரைத் திட்டப்போகிறேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். அவர் சொன்னது சரி. சித்திரையில் காய் இல்லாத நாட்களில் முப்பது பேர் களத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எல்லோரையும் வைத்திருந்தால் அந்த வருஷமே ஸ்டோரை மூடியிருப்பார்கள். முப்பது பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போயிருப்போம்.

ஆனால் யாரை வைப்பது? பலசாலிகளையா, பழைய ஆட்களையா, சொல்பேச்சுக் கேட்பவர்களையா? ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த வாரம் முழுக்க ஆட்களைப் பார்க்கவில்லை, வேலைகளைப் பார்த்தேன். வண்டி பிந்தினால் அன்றைக்கே தெரியும். விதையைச் சரியாகப் பிரிக்காவிட்டால் சாக்கைத் திறந்த உடனே தெரியும். ஆனால் புளிக்கும் பெட்டியில் சூடு தப்பினால்? விதை பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். கொழும்புக்குப் போய் அங்கே ஒருவர் வெட்டிப் பார்க்கும்போதுதான் மானம் போகும். பிழை உடனே தெரியும் வேலையை வெளியே கொடுக்கலாம், பிழை நாள் கழித்துத் தெரியும் வேலையைக் கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பட்டது. பெட்டியடி ஆட்களையும் சூட்டறை ஆட்களையும் சேர்த்து ஆறு பேரைச் சொன்னேன். மனேஜர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒப்புக்கொண்டார். முதலாளியிடம் பேசி என் இடத்தையும் அவரே காப்பாற்றினார். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

வண்டியும் களமும் திகன காசிம் நானாவிடம் குத்தகைக்குப் போயின. நானா சொந்த மாடுகளும் வண்டிகளும் உள்ளவர், வாயும் சொந்த வாய். வேலை இழந்த ஆண்களில் சிலரை அவர் சேர்த்துக்கொண்டார். விதை பிரிக்கும் பெண்களுக்கு இனி எடைக்குக் கூலி. சரக்கு இருக்கும் நாளில் கூப்பிடுவோம், இல்லாத நாளில் இல்லை. அந்தப் பெண்களுக்கு முன்னால் நின்று பேசுகிறவள் செல்லாயி.

செல்லாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது பேர் வெட்டப்பட்டவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். லயத்து வரிசை வீடுகளில் அவள் இருந்த ஓர் அறைக் காம்பிராவைத் தோட்டத்தார் இன்னும் பறிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஸ்டோரிலும் வேலை இல்லையென்றால் அவளை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துக் குடும்பங்களில் நிறையப் பேரை அப்போது அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவளோ இங்கே பிறந்தவள், அந்தக் கரையைக் கண்ணால் கண்டதில்லை. "ஊருக்குப் போ ஊருக்குப் போன்னு சொல்றாங்க, எது ஐயா என் ஊரு?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, வழி கேட்பவள் மாதிரி கேட்டாள். அது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

புதிய ஏற்பாடு சில மாதம் பிசகில்லாமல் நடந்தது. மனேஜருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒருநாள் அண்டாவைப் பார்த்தார்.

"நானாவின்ர ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுக்கிறது நானாவின்ர பாடு. பொம்பிளையளுக்கு எடைக்குக் கூலி. பிறகு ஆருக்கு இந்த அண்டா?"

அவர் சொன்ன கணக்குப்படி அது சரியாகத்தான் இருந்தது. அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தோம். இத்தனைக்கும் அந்த இஞ்சித் தேத்தண்ணி அவருக்கும் பிடிக்கும். மழைக்குப் பிறகு அவர் உட்காரும் கந்தோர் அறைக்குக் கோப்பையில் போகும், கோப்பை காலியாகத் திரும்பி வரும்.

ஐப்பசியில் முதல் பெரிய மழை வந்தது. தண்டவாளத்தை நான்தான் அடித்தேன். ஆறு பேர் ஓடி வந்தார்கள். களத்தில் இருந்த நானாவின் ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வண்டியோடு கண்டிக்குப் போயிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் பெண்கள் எழும்பவில்லை. தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு குனிந்து விதையைப் பிரித்தார்கள். பாதிக் களம் நனைந்தது.

மழை விட்டதும் மனேஜர் நேரே செல்லாயியிடம் போனார். "ஏன் ஒருத்தரும் எழும்பேல்லை?"

செல்லாயி எழுந்து நின்றாள். "எழும்புனா எடை கொறையுமே ஐயா. இந்த வெதயப் பிரிக்கத்தான் கூலின்னு நீங்கதானே சொன்னீங்க. பொட்டிக்கு ஆறு பேரு, களத்துக்கு நானா ஆளு, வெதைக்கு நாங்க. ஓடுறதுக்கு யாரப் போட்டிருக்கீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்று பிரிவும் போட்டு முடித்துவிட்டோம் என்று நானும் மனேஜரும் நிம்மதியாக இருந்தோம். ஓடுவது என்ற வேலை எந்தப் பிரிவிலும் இல்லை. முன்பு அது எல்லோருடையதாக இருந்தது, எங்கள் ஏற்பாட்டில் யாருடையதும் இல்லாமல் போய்விட்டது.

மனேஜருக்கு அது கேள்வியாகப் படவில்லை, வாய்க்கொழுப்பாகப் பட்டது. முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கு நீர் வரத் தேவையில்லை. உம்மோடை வாறவையும் வேண்டாம்" என்றார்.

நனைந்த சரக்கைச் சூட்டறையில் போட்டுப் பார்த்தோம். பாதி தேறியது, மீதியில் பூஞ்சணம். கொழும்பில் வாங்குகிறவர் இன்னொரு தடவை இப்படி வந்தால் உங்கள் சாக்கே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். முதலாளி, அப்படி நடந்தால் ஸ்டோருக்குப் பூட்டு என்றார்.

மனேஜர் காசிம் நானாவைக் கூப்பிட்டு, மழைக்கு ஓடுவதையும் குத்தகையில் சேர்க்கச் சொன்னார். நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தொர, களத்துல என்ட ஆள் நாலு பேர்தான் ஈக்கிறாங்க. பாய் எத்தன ஈக்குது? மழைக்கிண்டு இருவது பேர சும்மா வெச்சிக்கொண்டு ஈக்க ஏலுமா? மழை என்ட குத்தகைலயா வருது?"

நானும் பேசினேன். செல்லாயிக்காக இரக்கம் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. கோபத்தில் இருக்கும் மேலதிகாரியிடம் இரக்கத்தைக் கொண்டுபோனால் அந்தக் கோபம் இன்னும் வீங்கும். "சேர், அவ கேட்டது கேள்வி. அதுக்கு நம்மகிட்ட இன்னும் பதில் இல்ல" என்று மட்டும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டியிலிருந்து வேறு பெண்களைக் கூப்பிட்டார்.

செல்லாயியும் அவளோடு வந்த பெண்களும் மறுநாளும் வந்தார்கள். வாசல் கேற்றுக்கு வெளியே நின்றார்கள். சத்தம் போடவில்லை, யாரையும் மறிக்கவில்லை. மத்தியானம் வரை நின்றுவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். கேற்றைக் கடக்கும்போது நான் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே போவேன்.

அந்த வாரமே அந்த வருஷத்தின் மிகப் பெரிய சரக்கு களத்துக்கு வந்தது. மூலை முடுக்கெல்லாம் பாய். வெயில் நன்றாக அடித்தது. மத்தியானச் சோற்றை நான் பிரித்திருப்பேன், திகனப் பாதையில் ஒரு வெறும் வண்டி தடதடவென்று ஓடி வந்தது. காசிம் நானா வண்டியிலிருந்து குதித்து நேரே பலாமரத்துக்கு ஓடித் தண்டவாளத்தை அடித்தார்.

"திகனப் பக்கம் சுத்திக் கறுத்துட்டு! என்ட பின்னாலயே வருது!"

நான் வெளியே வந்து பார்த்தேன். நக்கிள்ஸ் மலை இருந்த இடத்தில் மலை இல்லை. ஆறு பேர் ஓடினார்கள், நானாவின் ஆட்கள் ஓடினார்கள். கண்டியிலிருந்து வந்த பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். அவர்களுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தமே தெரியாது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் களத்துக்கு ஓடவில்லை. கேற்றுக்கு ஓடினேன். முதலில் கேற்றை அகலத் திறந்தேன், பிறகுதான் வாயைத் திறந்தேன். "செல்லாயி, வாம்மா!"

பெண்கள் ஓர் அடி முன்னால் வைத்தார்கள். செல்லாயி கையை நீட்டித் தடுத்தாள்.

"எப்படி ஐயா வரது? அன்னைக்கு வேணாம்னீங்க, இன்னைக்கு வான்னு சொல்றீங்க. மழ விட்டதும் திரும்ப வெளிய தள்ளவா?"

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு."

"நெரந்தரம் கேக்கல. வேல இல்லாத நாளு வேணாம், சரி. வேல இருக்கிற நாளு மொதக் கூப்பாடு எங்களுக்கு. எங்களக் கூப்பிட்டு மிச்சத்துக்குத்தான் மத்தவங்க. அந்தச் சொல்லு போதும் ஐயா. பத்து வீட்டுல அடுப்பு எரியும், நாங்க கப்பல் ஏற வேண்டியதில்ல."

என் பின்னால் காற்று படங்குகளைத் தூக்கி அடிக்கும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் "சரி, சரி, வா" என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், ஓடியிருப்பாள், பாய்கள் தப்பியிருக்கும். நாளைக்கு மனேஜர் அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தச் சொல்லுக்கு என்ன பெறுமதி? அவசரத்தில் அடுத்தவர் காப்பாற்ற வேண்டிய வாக்கை நீங்கள் கொடுக்காதீர்கள். யார் காப்பாற்ற வேண்டுமோ அவர் வாயிலிருந்து அதை வரவழையுங்கள். மழை தலைக்கு மேல் நின்றாலும் அதற்கு நேரம் ஒதுக்குங்கள். என் நாற்பது வருஷ உத்தியோகத்தில் உங்களுக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது இதுதான்.

மனேஜர் கந்தோர்ப் படியில் நின்றுகொண்டிருந்தார். அவரை நோக்கிக் கத்தினேன். "சேர், இங்க வாங்க! இவங்க கேக்குறதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்!"

அப்படி ஒரு மேலதிகாரியை நான் அதற்கு முன் அதட்டியதில்லை. அவர் வந்தார். செல்லாயி ஒரு சொல்லும் மாற்றாமல் திரும்பச் சொன்னாள். அவர் வானத்தைப் பார்த்தார், களத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோபக்காரர்தான், ஆனால் முட்டாள் இல்லை. அவள் அன்றைக்குக் கேட்ட கேள்வி அப்போதுதான் அவருக்குள் இறங்கியது என்பது முகத்தில் தெரிந்தது. முதல் துளி அவர் சட்டையில் விழுந்தது.

"ஓம். முதல் கூப்பாடு உங்களுக்குத்தான்."

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

அவர் களத்தின் பக்கம் திரும்பி, ஸ்டோர் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "முதல் கூப்பாடு செல்லாயி ஆக்களுக்கு! நான் சொல்றன்!"

அவர் சொல்லி முடிக்கும் முன் பெண்கள் எங்களைக் கடந்துவிட்டார்கள். பாய்க்கு இரண்டு பேர், முனைக்கு ஒருத்தி, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதைப் பார்த்துக் கொட்டகையில் ஒதுங்கியிருந்த கண்டிப் பெண்களும் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். நான் ஒரு பாயின் முனையைப் பிடித்து இழுத்தபோது மறுமுனை லேசாக வந்தது. பார்த்தால் அங்கே மனேஜர், ஒரு காலில் சப்பாத்து இல்லை, வெள்ளைக் காற்சட்டை முழங்கால் வரை சேறு. "கிளாக்கர், இழுங்கோ, இழுங்கோ!" என்று எனக்கே உத்தரவு போட்டார். சிரிக்க நேரமில்லை, பிறகு சிரித்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். கடைசிப் பாய் கூரைக்குள் வரவும் மழை ஊற்றவும் சரியாக இருந்தது.

காசிம் நானா யாரையும் கேட்காமல் அண்டாவை நிமிர்த்தி அடுப்பில் வைத்தார். தேயிலையும் கருப்பட்டியும் அவர் வண்டியில் இருந்தன. எல்லோரும் நனைந்த கோழிகளாக நின்று குடித்தோம். மனேஜர் மட்டும் தள்ளிப் போய்த் தூணோடு நின்றார். செல்லாயி ஒரு தகரக் குவளையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். அந்தக் காலத்தில் லயத்துக் கூலிப் பெண் ஒருத்தி ஒரு மனேஜருக்குக் குவளை நீட்டுவது சின்ன விஷயம் இல்லை. களம் முழுக்கக் குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"ஓடுனவங்களுக்குத்தான் தேத்தண்ணி. நீங்களும் ஓடுனீங்கதானே ஐயா, குடிங்க."

அவர் வாங்கினார். ஒரு மிடறு குடித்தார். என்னைப் பார்த்தார்.

"இதிலை இஞ்சி இல்லையே, கிளாக்கர்?"

"நிப்பாட்டிட்டோம் சேர். நீங்கதான் சொன்னீங்க."

இன்னொரு மிடறு குடித்தார். "அப்ப நாளைக்கு வாங்குங்கோ" என்றார். "எல்லாருக்கும்."

அந்தச் சரக்கு உலர்ந்து கொழும்புக்குப் போனது. ஸ்டோருக்குப் பூட்டு விழவில்லை. ஆறு பேர், நானா, பெண்கள் என்ற மூன்று பிரிவும் நான் அங்கே இருந்த காலம் முழுக்க அப்படியே இருந்தன. ஓடுவதற்குத் தனிக்கூலி வைத்தோம், அண்டாவை யாரும் மறுபடி கவிழ்க்கவில்லை. அந்த மனேஜர் தன் சொல்லில் ஒருநாளும் பிசகவில்லை. சரக்கு வந்த காலைகளில் கேற்றில் முதலில் கூப்பிட்டது செல்லாயியின் பேரைத்தான். அவள் கப்பல் ஏறவில்லை. இரண்டு பெண்களுக்கும் இங்கேதான் கல்யாணம் நடந்தது, இரண்டிலும் நான் சாப்பிட்டேன்.

போன மாதம் உங்கள் கூட்டத்தில் தேத்தண்ணி நன்றாக இருந்தது என்றேன் அல்லவா? கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, உங்கள் நாட்கூலி ஆட்கள் மழைக்கு ஒதுங்கிக் கேற்றடியில் நின்றிருந்தார்கள். காலையில் லொறியிலிருந்து சாக்கு நனையாமல் இறக்கியவர்கள் அவர்கள்தான். அவர்களில் ஒருவரிடம், தேத்தண்ணி வந்ததா என்று கேட்டேன். வரவில்லை என்றார். அடுத்த முறை என்னைக் கூப்பிடும் முன் அதைச் சரிசெய்யுங்கள். இஞ்சியும் போடுங்கள்.